சப்ஸ்டாக்கை விட்டு வெளியேறிய எழுத்தாளர்கள்

சப்ஸ்டாக் என்பது எழுத்தாளர்கள் தங்கள் கட்டுரைகளை மின்னஞ்சல் மடலாக வாசகருக்கு நேரே அனுப்பவும் அதற்குச் சந்தா பெறவும் வழிசெய்யும் அமெரிக்கத் தளம். கிறிஸ் பெஸ்ட், ஹமிஷ் மெக்கன்சி, ஜெய்ராஜ் சேத்தி ஆகிய மூவர் 2017இல் இதைத் தொடங்கினர். இலவசமாக மடல் அனுப்புபவரிடம் தளம் காசு கேட்பதில்லை. சந்தா வசூலிப்பவரின் வருவாயில் 10 சதவீதத்தை எடுத்துக்கொள்கிறது. வெறுப்புப் பிரசாரத்துக்கு இடம் கொடுக்கிறது என்று குற்றம்சாட்டிப் பல எழுத்தாளர்கள் இத்தளத்தை விட்டு விலகியபோது, வாதம் சுற்றிச் சுற்றி இந்தப் பத்து சதவீதத்திலேயே வந்து நின்றது.

பிரச்சினையை வெளிக்கொண்டு வந்தவர் பத்திரிகையாளர் ஜோனதன் கட்ஸ். 2023 நவம்பர் இறுதியில் ‘தி அட்லாண்டிக்’ இதழில் அவர் எழுதிய கட்டுரை, நாஜிச் சின்னங்களை வெளிப்படையாகத் தாங்கிய மடல்கள் குறைந்தது 16 இத்தளத்தில் இருப்பதைக் காட்டியது. சில மடல்கள் கட்டணச் சந்தாவும் வைத்திருந்தன. அப்படிச் சேரும் பணத்தில் தளத்துக்கும் பங்கு உண்டு. டிசம்பர் நடுவில் இருநூறுக்கும் மேற்பட்ட சப்ஸ்டாக் எழுத்தாளர்கள் ஒரே கடிதத்தைத் தத்தம் மடல்களில் வெளியிட்டு விளக்கம் கேட்டனர். தளமே எதைப் படிக்கலாம் என்று தீர்மானிக்கக் கூடாது என வாதிட்ட எதிர்க்கடிதம் ஒன்றும் அதே தளத்தில் வெளியானது.

டிசம்பர் 21 அன்று மெக்கன்சி பதில் அளித்தார். நாஜிகளைத் தங்களுக்கும் பிடிக்காது என்றார். ஆனால் தணிக்கையோ வருவாய் முடக்கமோ அக்கருத்துகளை ஒழிக்காது, நிலைமையை மோசமாக்கவே செய்யும், திறந்த விவாதமே அவற்றின் வலுவைக் குறைக்கும் என்பது அவர் நிலை. இதை எளிதில் தள்ளிவிட முடியாது. 1977இல் இல்லினாய் மாநிலத்தின் ஸ்கோக்கி ஊரில் நாஜிகள் ஊர்வலம் போக முயன்றபோது, அந்த உரிமைக்காக நீதிமன்றத்தில் நின்றது அமெரிக்கக் குடியுரிமைகள் சங்கம். நாஜி வதைமுகாம்களிலிருந்து தப்பிவந்த யூதர்கள் பலர் வாழ்ந்த ஊர் அது. பேச்சுரிமையைத் தனக்குப் பிடிக்காதவருக்கும் சேர்த்துக் காக்க வேண்டும் என்ற அந்த மரபு அமெரிக்காவில் ஆழமானது.

ஆனால் ஸ்கோக்கியில் எதிரே நின்றது அரசு. அமெரிக்க அரசியல் சட்டத்தின் முதல் திருத்தம் அரசின் கையைக் கட்டுகிறது; யாருடைய சந்தாப் பணத்தை வாங்கிக்கொள்வது என்று ஒரு தனியார் நிறுவனம் முடிவு செய்வதை அது தடுப்பதில்லை. சப்ஸ்டாக்கும் ஆபாசப் படங்களையும் வன்முறைத் தூண்டலையும் முன்பே விதி வகுத்துத் தடை செய்திருந்தது. ஆகவே எதையும் தடுக்காத நடுநிலை என்று அது சொல்லிக்கொள்ள இடமில்லை. விவாதம் பற்றிய வாதமும் மடல் என்ற வடிவத்தில் மிகப் பலவீனமாகிறது. பொது மேடையில் பேசியவருக்கு அதே மேடையில் மறுப்பு எழலாம். மடலோ, ஏற்கெனவே உடன்படுபவரின் அஞ்சல்பெட்டிக்கு நேராகப் போகிறது. வெளியே எழுதப்படும் மறுப்பு அந்தப் பெட்டியை எட்டுவதே இல்லை.

இதற்குள் பத்திரிகையாளர் கேசி நியூட்டன் சப்ஸ்டாக்கில் நடத்திய ‘பிளாட்ஃபார்மர்’ மடல், நாஜி ஆதரவு மடல்கள் சிலவற்றை ஆராய்ந்து நிறுவனத்தின் கவனத்துக்குக் கொண்டுசென்றது. 2024 ஜனவரியில் சப்ஸ்டாக் ஐந்து மடல்களை நீக்கியது. அதுவும் வன்முறைத் தூண்டல் பற்றிய பழைய விதியின்படிதான். கொள்கையில் மாற்றம் இல்லை என்றது. சில நாட்களில், 1,70,000க்கும் மேற்பட்ட சந்தாதாரர்களைக் கொண்ட பிளாட்ஃபார்மர், கோஸ்ட் என்ற தளத்துக்கு மாறுவதாக அறிவித்தது. எழுத்தாளர் மாலி ஒயிட்டின் மடலும் கோஸ்ட் மென்பொருளுக்கு மாறியது. ரையன் புரோடரிக்கின் ‘கார்பேஜ் டே’ பீஹைவ் தளத்துக்குப் போனது.

இந்த வெளியேற்றத்தின் முதல் பலம் அதன் நேர்மையான கணக்கு. எழுத்தாளர் யாருடைய வாயையும் மூடவில்லை. தன் உழைப்பிலிருந்து போகும் பங்கை மட்டும் நிறுத்தினார். இதைத் தணிக்கை என்று அழைப்பது தவறு. சப்ஸ்டாக் வெறும் அஞ்சல் அனுப்பும் கருவியாக இருந்திருந்தால் இந்த நியாயம் ஓரளவு மெலிந்திருக்கும். ஆனால் 2022 முதல் அது ஒரு மடலின் வாசகருக்கு வேறு மடல்களைப் பரிந்துரைக்கும் வசதியையும், 2023 முதல் ‘நோட்ஸ்’ என்ற சமூக ஊடகப் பகுதியையும் நடத்துகிறது. பரிந்துரைக்கும் தளம், பரிந்துரைத்ததற்குப் பொறுப்பும் ஏற்க வேண்டும்.

இரண்டாவது, போவதற்கு வழி இருந்தது. மின்னஞ்சல் பட்டியல் எழுத்தாளருக்கே சொந்தம், அதை இறக்கிக்கொள்ளலாம். சந்தாப் பணம் வந்துசேரும் ஸ்ட்ரைப் என்ற கட்டணச் சேவையின் கணக்கும் அவர் பெயரில்தான். முகநூலிலோ எக்ஸ் தளத்திலோ பல ஆண்டுகள் வாசகரைச் சேர்த்தவர் இப்படி அவர்களை அழைத்துக்கொண்டு போக முடியாது. எழுத்தாளரை அடைத்து வைக்காத இந்த அமைப்பு சப்ஸ்டாக்கின் பெரிய நற்குணம், அதைச் சொல்லாமல் விடுவது நியாயமல்ல. நோட்ஸில் பின்தொடர்பவர்களை மட்டும் அப்படி எடுத்துச்செல்ல இயலாது.

குறைகளில் முதன்மையானது, செலவு எல்லோருக்கும் ஒன்றாக விழாதது. கோஸ்ட் நிறுவனம் வருவாயில் பங்கு கேட்பதில்லை. வாசகர் எண்ணிக்கைக்கு ஏற்ப நிலையான கட்டணம் வாங்குகிறது. ஆண்டுக்கு ஒரு லட்சம் டாலர் சந்தா வரும் எழுத்தாளர் சப்ஸ்டாக்குக்கு 10,000 டாலர் கொடுக்கிறார். வெளியேறினால் அவருக்கு மிச்சமாகக்கூடும். பத்தாயிரம் இலவச வாசகர்களும் முப்பது சந்தாதாரர்களும் உள்ளவருக்கோ அதே வெளியேற்றம் மாதந்தோறும் கைக்காசைக் கேட்கும். பரிந்துரை வழியே வந்துகொண்டிருந்த புதிய வாசகர்களும் நின்றுபோவார்கள். புகழ்பெற்றவர் செய்ததைச் செய்யாத சிறு எழுத்தாளரை மனசாட்சி அற்றவர் என்று பழிப்பது கொடுமை. அந்தத் தொனி அப்போதைய விவாதத்தில் சில இடங்களில் தலைகாட்டியது.

அடுத்த குறை இன்னும் அடிப்படையானது. அதிகம் எதிர்ப்பவர்தான் முதலில் போகிறார். அவர் போனபின் உள்ளே கேள்வி கேட்க ஆள் குறைகிறது. ஐந்து மடல்கள் நீக்கப்பட்டது வெளியேற்றத்தால் அல்ல, அதற்கு முன் தளத்துக்குள் இருந்தபடியே ஆதாரம் திரட்டிக் கொடுத்த அழுத்தத்தால். வெளியேற்றம் ஓர் ஆயுதமாகப் பலித்த அளவுக்கு, அது மிரட்டலாக இருந்தவரைதான் பலித்தது. போகுமிடமும் முழுத் தூய்மையான இடமல்ல: கோஸ்ட் திறமூல மென்பொருள், யார் வேண்டுமானாலும் தம் கணினியில் நிறுவிக்கொள்ளலாம். தன் சொந்த வழங்கிகளில் நாஜி ஆதரவு மடல்களை நீக்குவதாக அதன் நிறுவனர் ஜான் ஓ’நோலன் பிளாட்ஃபார்மருக்கு உறுதி அளித்தார். சப்ஸ்டாக் தர மறுத்தது அந்த ஓர் உறுதியைத்தான்.

நிறுவனத்தின் வளர்ச்சியை இந்தப் புறப்பாடு தடுக்கவில்லை. 2024 பிப்ரவரியில் 30 லட்சமாக இருந்த கட்டணச் சந்தாக்கள் 2025 மார்ச்சில் 50 லட்சமாயின. 2025 ஜூலையில் நாஜிச் சின்னம் தாங்கிய மடல் ஒன்றைப் பரிந்துரைக்கும் அறிவிப்பு, கேட்காத பயனர்களின் கைபேசிகளுக்குச் சப்ஸ்டாக்கிலிருந்து போனது. நிறுவனம் அதைத் தொழில்நுட்பப் பிழை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டது. அதே மாதம் அது 10 கோடி டாலர் புதிய முதலீட்டையும் பெற்றது.