மானாமதுரையை மறந்த கதைகள்

துப்பறியும் கதைக்கு நம்மவர்கள் ஓர் இலக்கணம் வகுத்துவிட்டார்கள். அறிவாளி பட்டணத்திலேதான் பிறப்பான். சிற்றூர்க் காவலரோ தொந்தியும் தூக்கமுமாகக் காட்சி தருவார். அவர் விழிப்பார், நாம் வயிறு குலுங்கச் சிரிக்க வேண்டும். அன்னவாசல் படிப்பகத்தில் இத்தகு ஏடுகளைப் புரட்டும்போது நமக்குச் சிரிப்பு வருவதில்லை; சினமே வருகிறது.

நடந்த வழக்கொன்றையே உரைகல்லாகக் கொள்வோம். 1952 ஆகஸ்டில் சென்னையை உலுக்கியது ஆளவந்தார் கொலை. பாரிமுனை வணிகர் காணாமற்போனார். எழும்பூரிலிருந்து கிளம்பிய போட் மெயிலில் ஒரு டிரங்குப் பெட்டி ஏறியது. திருச்சியைக் கடந்து, நமது புதுக்கோட்டையையும் கடந்து ஓடிய வண்டியில் நாற்றம் கிளம்பிற்று. மானாமதுரையில் பெட்டியை இறக்கித் திறந்தனர். உள்ளே தலையற்ற உடல்!

கொலை மாநகரில், முதற்சான்று சிற்றூரில். ஆனால், இந்த வழக்கைக் கதையாகச் சொல்வோர் எங்கே நிற்கிறார்கள்? கள்ளக் காதலில் நிற்கிறார்கள், கத்தியில் நிற்கிறார்கள். மானாமதுரைக்கு ஒரு வரி; அதுவும் ஓடும் இரயிலிலிருந்து பார்த்த வரி!

எல்லாம் மானாமதுரையே செய்தது என்று நாம் வாதாடவில்லை. இராயபுரம் கடற்கரையில் தலை கிடைத்தது. அது அவ்வுடலுக்குரியதே எனச் சென்னை மருத்துவக் கல்லூரி கண்டது. படைப்பணியில் பதிவான கைரேகை ஆளை உறுதிசெய்தது. 1953இல் உயர்நீதிமன்றம் இருவருக்கும் முறையே ஏழாண்டும் மூன்றாண்டும் சிறை விதித்தது. பலர் கை கோத்ததால் வெளிவந்த உண்மை அது. ஒருவர் தலையில் மட்டும் மகுடம் சூட்டுவது கலையன்று, கணக்குப் பிழை.

இப்பிழை புதிதுமன்று. கைரேகைகளை வகைப்படுத்தும் முறைக்குக் கணக்கு வகுத்து உழைத்தவர்கள் வங்காளக் காவல்துறையின் துணை ஆய்வாளர்களான அசிசுல் ஹக்கும் ஹேம் சந்திர போசும். அம்முறை பெற்ற பெயரோ, மேலதிகாரி ஹென்றியின் பெயர்! உழைத்தவன் ஒருவன், ஊர் புகழ்வது வேறொருவனை என்னும் பழைய கதைதானே இது?

எழுத்தாளர்களைக் கேட்கிறோம்: சிற்றூர்க் காவலருக்குப் புகழ்மாலை சூட்ட வேண்டா. முகம் சுளிக்காமல் பெட்டியைத் திறப்பவராக, ஊகத்தை உண்மையென்று எழுதாதவராக, கண்டதைக் கண்டவாறு பதிந்து பட்டணத்துக்கு அனுப்புபவராகக் காட்டுங்கள். அறிவுக்கு ஊர் எல்லை இல்லை என்பதை வாசகர் தாமே உணர்வர்.