பதில் சொன்னது யார்?

நண்பனிடம் பேசுவதுபோல ஆண்டவரிடம் பேசுங்கள்: ஜெபத்தைப் பற்றிய நம்முடைய போதனை இன்று இந்த ஒரு வரிக்குள் அடங்கிவிட்டது. ஜெபக்கூட்டத்திலும் இளைஞர் முகாமிலும் இதையே கேட்கிறோம். யாராவது தயங்கினால் ஸ்பானியத் துறவி அவிலா தெரேசாவைத் துணைக்கு அழைக்கிறார்கள். நம்மை நேசிப்பவரோடு கொள்ளும் நட்பே ஜெபம் என்று அவர் தம் சுயசரிதையில் எழுதியது உண்மைதான்.

இந்த முறையால் விளைந்த நன்மையையும் நான் மறுக்கவில்லை. எழுத்தறியாதவர்களை, ஜெபப்புத்தகத்துக்குள் தங்கள் துயரத்தைக் காணாதவர்களை, அது வாய் திறக்க வைத்தது. பிள்ளையில்லாத அன்னாள் உதடு மட்டும் அசைய அழுதபோது எந்த ஏட்டையும் தேடவில்லை.

ஆனால் பேச்சு என்றால் இருவர் வேண்டும். நாம் பேசி முடித்ததும் பதில் வர வேண்டும் என்று காத்திருக்கிறோம். வராவிட்டால் நம் விசுவாசம் குறைவோ என்று அஞ்சுகிறோம். அந்த அச்சத்தில் மனம் தானே ஒரு பதிலை உண்டாக்கிக்கொள்கிறது. 'கர்த்தர் என்னோடு பேசினார்' என்று சாட்சி சொல்லும்போது வெளிவருவது பெரும்பாலும் சொல்கிறவரின் சொந்த விருப்பம். இந்த வேலையை விடு, அந்த நிலத்தை வாங்கு, இந்த வரனை முடி. மகளின் கல்யாணத்தைத் தகப்பன் இப்படித் தீர்மானித்துவிட்டால், மறுக்கிற மகள் கடவுளையே மறுத்தவளாகிவிடுகிறாள். இது சிறிய தீங்கா?

தெரேசாவைக் காட்டுகிறவர்கள் அவரை முழுதும் படிக்க வேண்டும். ஆன்மாவைக் கோட்டையாக உருவகித்து 1577இல் எழுதிய நூலில், உள்ளே கேட்கும் குரல் கடவுளுடையதாகவோ சாத்தானுடையதாகவோ சொந்தக் கற்பனையாகவோ இருக்கலாம் என்று எச்சரிக்கிறார். மனச்சோர்வுள்ளவர்கள் கேட்டதாகச் சொல்வதைப் பொருட்படுத்தக் கூடாது என்கிறார். தம் அனுபவங்களையே பாவசங்கீர்த்தன குருக்களின் சோதனைக்கு வைத்தவர் அவர். தம் மடத்துக் கன்னியருக்கு ஜெபிக்கக் கற்றுக்கொடுக்க எழுதிய நூலின் பிற்பகுதி முழுவதும் கர்த்தர் கற்பித்த பரமண்டல ஜெபத்துக்கான விளக்கம். அவருடைய தோழர் சிலுவை யோவான் இன்னும் கடுமையானவர். 'கர்மேல் மலையேற்றம்' நூலில், கொஞ்சம் தியானம் பழகியதுமே கடவுள் சொன்னார், கடவுள் பதிலளித்தார் என்கிறவர்களைக் கண்டு அவர் திகைக்கிறார். அவர்கள் பெரும்பாலும் தமக்குத்தாமே பேசிக்கொள்கிறார்கள் என்கிறார்.

88ஆம் சங்கீதம் கதறலில் தொடங்கி இருளிலேயே முடிகிறது. கடவுளின் பதிலாக அதில் ஒரு வரியும் இல்லை. ஆனாலும் அதை ஜெபமென்று ஏற்றுத்தான் 150 சங்கீதங்களுக்குள் வைத்திருக்கிறார்கள். நம்முடைய போதகர்களோ நோய்ப்படுக்கையில் கிடப்பவரிடம் போய், 'ஆண்டவர் உங்களோடு என்ன பேசினார்?' என்று கேட்கிறார்கள். ஒன்றும் கேட்கவில்லை என்று அவர் சொன்னால் கொடுப்பதற்கு என்ன வைத்திருக்கிறார்கள்? பரமண்டல ஜெபத்தைத்தான் வெறும் மனப்பாடம் என்று ஏற்கெனவே ஒதுக்கிவிட்டார்களே.