பாடியவரை அறிந்து பாட்டுக் கேட்டல்

இசை செவிக்கு இன்பம் பயக்கும் என்பது யாவர்க்கும் உடன்பாடு. ஆயினும், இறைவனைப் பாடிய இசைப்பாட்டு அவ்வின்பத்தளவில் நின்றொழிவதன்று. பாடியவர் யாவர், எத்தலத்துப் பெருமானைப் பாடினர், எந்நிலையில் நின்று பாடினர் என்னும் இவற்றை அறிந்து கேட்பார்க்கே அது முழுப்பயன் தரும். இசையரங்குகளிலோ இராகமும் தாளமும் இயற்றினோர் பெயருமே பெரும்பாலும் அறிவிக்கப்படுகின்றன. தலமும் பொருளும் கேட்போர்க்கு எட்டுவது அரிது.

இயற்றினோரைக் கேட்போர்க்கு அறிவிக்கும் நெறி தமிழ்நாட்டிற்குப் புதியதன்று. பூவிருந்தவல்லிக்கு அணித்தாகிய குன்றத்தூரிற் பிறந்த சேக்கிழார் பெருமான் 12-ஆம் நூற்றாண்டிலேயே அதனைச் செய்து காட்டினார். அடியார் எவ்வழி வந்தனர், யாது உற்றனர், எதன்பொருட்டு வேண்டினர் என்பவற்றை நிரலே கூறி, ஒவ்வொரு பதிகத்தையும் அதற்குரிய இடத்தில் வைத்துக் காட்டுவது பெரியபுராணம்.

அம்பத்தூருக்கும் ஆவடிக்கும் இடைப்பட்ட வடதிருமுல்லைவாயில் இதற்குச் சான்றாம். ஆங்கு மாசிலாமணியீசரைச் சுந்தரமூர்த்தி நாயனார் தக்கேசிப் பண்ணிற் பாடினார். திருவொற்றியூரிற் சங்கிலியார்க்குச் செய்த சூளுறவு பிழைத்துக் கண்ணொளி இழந்து வந்து நின்ற நிலையிற் பாடியது அப்பதிகம். ஓதுவார் அதனைக் காம்போதியில் இசைக்குங்கால், வரலாறு அறியாதார் இனிய காம்போதி என்று வியந்து அமைவர். அறிந்தாரோ, துயர் களையுமாறு பாட்டுத்தோறும் தம்பிரானிடம் இரக்கும் தோழரின் குரலைக் கேட்பர். பண் ஒன்றே, கேள்வி வேறு.

இவ்வளவையைப் பிற்காலத்துக் கீர்த்தனங்களுக்கும் கொள்ளல் தகும். குன்றத்தூரை அடுத்த கோவூரில் எழுந்தருளிய சுந்தரேசுவரர்மேல் தியாகையர் (1767-1847) ஐந்து கீர்த்தனங்கள் இயற்றினார். அவை பந்துவராளி, சகானா, கரகரப்பிரியா, கலியாணி, சங்கராபரணம் என்னும் இராகங்களில் அமைந்து, கோவூர்ப் பஞ்சரத்தினம் எனப் பெயர் பெற்றன. கோவூர்ச் சுந்தரேச முதலியார் என்னும் செல்வர் தம்மைப் பாடுமாறு வேண்ட, மானிடரைப் பாடாத தியாகையர் அவ்வூர்ப் பெருமானையே பாடினார் என்பது செவிவழிச் செய்தி.

இராமபிரானிடத்தே உள்ளம் ஒன்றியவர் தியாகையர். அவர், சுந்தரேசுவரரைக் கண்டபின் வேறு தேவரைக் காண மனம் எழுமோ என்னும் கருத்தினைச் சங்கராபரணக் கீர்த்தனத்தில் அமைத்தார். விரும்பி வழிபட வாரீர் என உலகோரை அழைக்கும் பொருளது கரகரப்பிரியாக் கீர்த்தனம். நாயனாரது பதிகம் தம் துயரைத் தம் பெருமானிடம் முறையிடுவது; இதுவோ பிறரை அப்பெருமானிடம் ஆற்றுப்படுத்துவது. இவ்வேறுபாடு பொருள் உணர்ந்தார்க்கன்றிப் புலனாகாது. சைவர் உளங்கொள்ளத்தக்க இச்சொற்கள் கற்பனை சுரங்களின் விரிவில் மறைந்துபோதல் இரங்கத்தக்கது.

தெலுங்குப் பாட்டாதலின் இவை வேண்டா என்பார் ஒருசாரார். தியாகையர் பெயர் ஒன்றே போதும், பொருள் எற்றுக்கு என்பார் மற்றொரு சாரார். இருதிறத்தாரும் பாட்டின் உட்புகாது புறத்தே நிற்பவரே. 1943-இல் சென்னையில் தோன்றிய தமிழிசைச் சங்கத்தைத் தோற்றுவித்த இயக்கம், கேட்போர்க்கு விளங்கும் மொழியில் இசை ஒலித்தல் வேண்டும் என்றது. அக்கோரிக்கை நேரியதே. விளங்காமையே குற்றமாயின், தெலுங்குப் பாட்டிற்குப் பொருள் கூறுதல் அக்குற்றத்தை நீக்கும் ஒரு வழியாம். தமிழ்ப் பதிகத்தையும் பொருள் நோக்காது பாடின், அதே குற்றம் அங்கும் நேரும் என்க.

நாதமே இறைவன் வடிவன்றோ, சொல் எதற்கு எனின், ஆலாபனைக்கு அது பொருந்தும். பாட்டோ சொல்லை உடலாகக் கொண்டது. தன்னைப் பாடுமாறு வன்றொண்டரை இறைவனே பணித்தருளினன் எனச் சேக்கிழார் கூறுவது பாட்டின் உயர்வை நன்கு விளக்கும்.

ஆதலின், பாடுவோர் ஒவ்வொரு பாட்டின் முன்னும் தலம், மூர்த்தி, பாடியவர் நிலை, பொருள் என்னும் நான்கனையும் நான்கு வாக்கியங்களிற் கூறுதல் நன்று. பதிகத்தைக் கச்சேரியின் இறுதியில் துக்கடாவாகத் தள்ளாது, கேட்போர் உள்ளம் தளராத முற்பகுதியில் வைத்தலும் வேண்டும். கோவூர்க் கீர்த்தனத்தையும் முல்லைவாயிற் பதிகத்தையும் இவ்வாறு அறிந்து கேட்பவர், அவற்றின் தலங்களை நாடிச் செல்வர். செவியிற் புகுந்த பாட்டு அவரைத் திருவாயிலிற் கொண்டு நிறுத்துமாயின், அதுவே பாடியவர் கருதிய பயனாம்.