வயிற்று அறுவைகள்: எது தேறும்?

உடல்வடிவ அறுவைகளை, முன்னும் பின்னும் எடுத்த படங்களைக் காட்டியே விற்கிறார்கள். அந்த அளவுகோல் போதாது. உள்ளே எது திருந்தியது, ஆறும்வரை உடல் என்ன விலை கொடுக்கிறது என்பவையும் தெரிந்தாக வேண்டும். தேனி மாவட்டம் போடியில் விடியுமுன் ஜீப் ஏறி, போடிமெட்டு வழியே ஏலத்தோட்டங்களுக்குப் போகும் பெண்களை வைத்துப் பார்த்தால் இது விளங்கும். ஏலக்காய் செடியின் தூரில், தரையை ஒட்டிக் காய்ப்பது. பகல் முழுக்கக் குனிந்தும் குந்தியும் எடுக்க வேண்டும். பிரசவங்களில் வயிற்றின் நடுத்தசை விலகிப்போனவருக்கு அது தோற்றக் குறை மட்டுமல்ல.

கொழுப்பை உறிஞ்சும் லைபோசக்‌ஷனின் சாதனை உண்மையானது. 1970களின் பிற்பகுதியில் பிரான்சின் இல்லூஸ் முனை மழுங்கிய குழாயைக் கொண்டுவந்தார். 1987இல் அமெரிக்காவின் கிளைன், நீர்த்த மரப்பு மருந்தைத் தோலடியில் நிரப்பும் முறையை வெளியிட்டார். இரத்த இழப்பு வெகுவாகக் குறைந்தது. தழும்பும் சிறியது. ஆனால் தொங்கும் தோலை அது இறுக்காது, தசையைத் தொடாது, குடலைச் சுற்றிய கொழுப்பை எட்டாது. எடை குறைக்கும் வழியென்று அதை முன்வைப்பது அடிப்படைப் பிழை. கொழுப்பை உறையவைக்கும் கருவிக்கோ, கத்தி படாது என்பதைத் தாண்டிச் சொல்லத்தக்க தகுதி குறைவு.

வயிற்றின் தளர்ந்த தோலை வெட்டி நீக்கும் டம்மி டக் கடுமையானது. இடுப்பின் ஒரு முனையிலிருந்து மறுமுனை வரை தழும்பு, நீர்கோத்தல், கால் சிரையில் இரத்தம் உறையும் ஆபத்து, ஏறத்தாழ ஆறு வாரம் சுமை தூக்கத் தடை. ஆயினும் இம்மூன்றில் விலகிய தசையைத் தைத்துச் சேர்ப்பது இது ஒன்றுதான். உடற்பயிற்சியில் தேறாதவருக்கு, இனிக் குழந்தை வேண்டாம் என்று முடிவெடுத்தபின், என் வாக்கு இதற்கே.

தோற்றக் குறைக்கும் தசைக் குறைக்கும் உள்ள இந்த வேறுபாட்டை நம் வரிச் சட்டம் காணவில்லை. பிறவிக் குறை, வளர்ச்சிக் குறை, காயம் ஆகியவற்றைச் சீராக்கும் பிளாஸ்டிக் சர்ஜரிக்கு ஜிஎஸ்டி விலக்கு உண்டு. பிரசவம் விலக்கிய தசைக்கு அந்தப் பட்டியலில் தனி இடமில்லை.

2018இல் சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனை மார்பக அழகு அறுவையை ஏழைகளுக்கு இலவசமாக்கியபோது, உயிர்காக்கும் சிகிச்சையை விட்டு அழகுக்கா செலவு என்று எதிர்ப்பு எழுந்தது. முன்னுரிமை பற்றிய கேள்வி நியாயம். அழகையும் இயக்கத்தையும் அறவே பிரித்தது பிழை. அரசு அந்த வாசலை மூடக் கூடாது. தசைச் சீரமைப்பை முன்வரிசையில் வைத்து, தேனி அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை அளவில், ஆறு வாரக் கூலி ஈட்டோடு தர வேண்டும். கூலி ஈடு இல்லாவிட்டால், இலவச அறுவைக்கும் தோட்டத்துப் பெண்ணால் வர முடியாது.