வேதாளக் கதைகளில் தொடர்ச்சியும் பதிப்பாசிரியர் பொறுப்பும்

ஒரே கற்பனை உலகைப் பலர் எழுதும்போது அதன் ஒருமையைக் காப்பது எது என்னும் வினா மொழிபெயர்ப்பாளர்க்கும் உரியது. ‘ஸ்டார் வார்ஸ்’ அறிவியல் புனைகதை வரிசையில் ஒருமை என்பது நிகழ்ச்சிகளின் முரணின்மை. புதிய திரைப்படங்களுக்கு இடமளிக்கும் பொருட்டு, லூகாஸ்ஃபிலிம் நிறுவனம் 2014-இல் முந்தைய நாவல்களை ‘லெஜண்ட்ஸ்’ எனத் தனியே பிரித்தது.

1947-இல் சென்னையில் தோன்றிய தெலுங்குச் ‘சந்தமாமா’, தமிழ் ‘அம்புலிமாமா’ இதழ்களின் வேதாளக் கதைகள் வேறு நெறியில் அமைந்தன. சோமதேவரின் கதாசரித்சாகரத்தில், இறுதிப் புதிருக்கு விடையறியாத மன்னன் மௌனம் காக்கிறான், புதிர்கள் முடிகின்றன. இதழ்த்தொடர் நீள்வதற்கோ மன்னன் விடை கூறியாக வேண்டும். 1952 முதல் 1980 வரை ஆசிரியப் பொறுப்பிலிருந்த கொடவட்டிகண்டி குடும்பராவ் காலத்தில், மூலநூலில் இல்லாத கதைகளும் இச்சட்டகத்துள் பொருத்தப்பட்டன.

ஆகவே இங்குக் காக்கப்பட்டவை நிகழ்ச்சிகள் அல்ல. ஒரு விதியும் அதனைத் தாங்கும் வாய்பாட்டுத் தொடர்களுமே. தெலுங்கும் தமிழும் வழங்கும் சித்தூர், திருப்பதிப் பகுதிகளில் இரு பதிப்புகளையும் ஒப்பிடவல்ல வாசகர்க்கு இது எளிதில் புலப்படும். உட்கதையின் சொற்கள் பதிப்புக்குப் பதிப்பு வேறுபடலாம். தொடக்க, முடிவுத் தொடர்கள் இதழ்தோறும் வேறுபட்டால் ஒருமை சிதையும். ‘வேதாளம் முருங்கை மரம் ஏறியது’ என்பது தமிழில் பழமொழி. அவ்விடத்தில் வடமொழி மூலத்தின் சிம்சபா மரத்தை வைப்பது துல்லியமாகலாம், தொடர்ச்சியாகாது.

இதனால் நேர்ந்த இழப்பும் குறிக்கத்தக்கது. விடையற்ற அறச்சிக்கலுக்கு இத்தொடரில் இடமில்லை. மூலநூல் மன்னனின் அறிவை இறுதியாக அளப்பதோ அவனது மௌனத்தாலேயே. தொடரைக் காத்த விதியே அம்மௌனத்தை விலக்கியது எனலாம்.