மூன்று விடுப்புக் கடிதங்கள்

காஃப்காவின் 'உருமாற்றம்' பற்றி நம்மிடையே பேசுகிறவர்கள் பெரும்பாலும் முதல் வாக்கியத்தோடு நின்றுவிடுகிறார்கள். பூச்சி வந்துவிட்டது, அந்நியமாதல் வந்துவிட்டது, இருத்தலியமும் கூடவே வந்துவிட்டது. அதற்கு மேல் கதையைப் படிப்பது அநாவசியம் என்கிற தோரணை. எனக்கு இக்கதையில் பூச்சியைவிடக் கடிகாரம் முக்கியமாகப் படுகிறது. ஆபீசுக்குரிய நேரம், வீட்டுக்குரிய நேரம், ஒருவன் தனக்கென்று ஒதுக்கிக்கொள்கிற நேரம் ஆகிய மூன்றும் ஒன்றையொன்று எப்படித் தின்கின்றன என்பதை இவ்வளவு கறாராகச் சொல்லும் இன்னொரு கதையை நான் படித்ததில்லை. வங்கிக் கவுண்ட்டரில் உட்கார்ந்திருக்கிறவனுக்கு எல்லாமே வரவு செலவாகத்தான் தெரியும் என்று நண்பர்கள் சொல்லலாம். சொல்லட்டும்.

கிரகர் சாம்சா துணிச் சாம்பிள்களோடு ஊர் ஊராக அலைகிற விற்பனைப் பிரதிநிதி. விழித்ததும் தன் உடம்பைப் பார்க்கிறான். ஆனால் அதைப் பற்றி அவன் அதிகம் விசாரப்படுவதில்லை. அலாரம் நாலு மணிக்கு வைத்திருந்தது. இப்போது ஆறரை. ஐந்து மணி ரயில் போய்விட்டது. அவனுடைய கிலி இதுதான். ஐந்து வருஷ சர்வீசில் ஒருநாள்கூட நோய் என்று படுக்காதவன் இன்று உடம்பு சரியில்லை என்று சொல்லியனுப்பினால், முதலாளி இன்ஷூரன்ஸ் டாக்டரையும் கூட்டிக்கொண்டு வருவார் என்று யோசிக்கிறான். ஏழே கால் அடிக்குமுன் தலைமைக் குமாஸ்தா வீடு தேடி வந்துவிடுகிறார். பூச்சியாகிவிட்ட ஒருவன் அடுத்த ரயிலைப் பிடிப்பது பற்றி யோசிப்பதைப் படித்துச் சிரிக்கிறோம். ஜுரத்தோடு கேஷில் உட்கார்ந்தவர்கள் அவ்வளவு பலமாகச் சிரிக்கமாட்டார்கள்.

மூடிய கதவுக்கு இப்பால் நின்று அம்மா குமாஸ்தாவிடம் மகனுக்காக வாதாடுகிறாள். பையனுக்குக் கம்பெனி நினைப்பைத் தவிர வேறு நினைப்பே இல்லை. எட்டு நாளாக ஊரில் இருந்தும் ஒரு சாயங்காலம் வெளியே போகவில்லை. உட்கார்ந்து பேப்பர் படிப்பான், இல்லாவிட்டால் ரயில்வே டைம்டேபிள் பார்ப்பான். அவனுக்கிருக்கிற ஒரே பொழுதுபோக்கு சிறு ரம்பத்தால் மரத்தில் வேலைப்பாடு செய்வது. இரண்டு மூன்று சாயங்காலம் உட்கார்ந்து ஒரு படச் சட்டம் செய்திருக்கிறான், பார்த்தால் அசந்துபோவீர்கள் என்கிறாள். அவனுடைய சொந்த நேரம் என்று ஒன்று இருந்ததே வாசகனுக்கு இப்படித்தான் தெரியவருகிறது, ஆபீசுக்கு எடுத்துக் காட்டுகிற நன்னடத்தைச் சான்றாக.

அந்தச் சட்டத்துக்குள் இருப்பது ஒரு பத்திரிகையிலிருந்து கத்தரித்த படம், ரோம உடுப்பில் ஒரு பெண். படத்திலிருக்கிற பெண்ணை வைத்து ஆராய்ச்சி செய்ய ஆட்கள் நிறைய இருக்கிறார்கள். நான் சட்டத்தைத்தான் பார்க்கிறேன். இரண்டாம் பகுதியில் அம்மாவும் தங்கையும் அவன் அறையைக் காலி செய்கிறார்கள். முதலில் போவது அந்த ரம்பமும் மற்றக் கருவிகளும் இருக்கும் அலமாரி. அடுத்து, பள்ளிக்கூட நாளிலிருந்து அவன் பாடம் எழுதிய மேஜை. எதைக் காப்பாற்றுவது என்று தெரியாமல் நாலு பக்கமும் ஓடுகிறவன் கடைசியில் சுவரில் ஏறி அந்தப் படத்தின் கண்ணாடிமேல் உடம்பை ஒட்டிக்கொள்கிறான். தங்கையின் முகத்தில் பாய்ந்தாலும் பாய்வேன், இதை விடமாட்டேன் என்பது அவன் தீர்மானம். கதை முழுவதிலும் அவன் பண்ணுகிற ஒரே கலகம் இதுதான். சம்பளத்தில் ஒரு பங்கைக்கூடத் தனக்கென்று கேட்காதவன், தன் சொந்தச் சாயங்காலங்களில் செய்த ஒரு பொருளுக்காகச் சண்டைக்கு நிற்கிறான்.

வீட்டின் கணக்கையும் காஃப்கா விடுவதில்லை. பெற்றோர் முதலாளியிடம் பட்ட கடனைத் தீர்க்க இன்னும் ஐந்தாறு வருஷம் உழைக்க வேண்டும் என்பது கிரகரின் கணக்கு. ஆனால் வியாபாரம் முறிந்தபோதே அப்பா கொஞ்சம் பணத்தை ஒதுக்கி வைத்திருக்கிறார். வட்டி தொடப்படாமல் வளர்ந்திருக்கிறது. மாதாமாதம் மகன் கொடுத்ததிலும் மிச்சம் சேர்ந்திருக்கிறது. இந்தப் பணத்தில் கடனை அடைத்திருந்தால் அவன் எவ்வளவோ முன்னாலேயே வேலையை விட்டிருக்கலாம். கதவுக்குப் பின்னாலிருந்து இதைக் கேட்கிற கிரகர் அப்பாவின் முன்யோசனையை மெச்சித் தலையாட்டுகிறான். மகனுடைய வருஷங்களை வீடு சேமிப்பில் போட்டு வைத்திருந்தது என்று ஆத்திரப்பட வேண்டியது வாசகன்தான், கதைசொல்லி ஆத்திரப்படுவதில்லை.

இதெல்லாம் எங்கிருந்து வந்தது என்று தேடினால் 1912ஆம் வருஷத்துக்குத்தான் போகவேண்டும். முந்தைய வேலையின் நீண்ட நேரம் தாங்காமல் காஃப்கா 1908இல் பிராக் நகரத் தொழிலாளர் விபத்துக் காப்பீட்டு நிறுவனத்தில் சேர்ந்தார். காலை எட்டு மணி முதல் மத்தியானம் இரண்டு மணி வரை ஆபீஸ். சாப்பாட்டுக்குப் பின் ஏழரை வரை தூக்கம். தேகப்பயிற்சி, உலாவல், குடும்பத்தோடு இரவுச் சாப்பாடு. பத்தரை பதினொன்றுக்கு மேல் எழுத்து. அந்த நவம்பரில் ஃபெலிஸ் பௌவருக்கு எழுதிய கடிதத்தில் இந்த அட்டவணையை விஸ்தாரமாகத் தருகிறார். அவருடைய அறை பெற்றோரின் படுக்கையறைக்கும் கூடத்துக்கும் நடுவில், வழிநடை மாதிரி. வீட்டுச் சத்தத்தைப் பற்றி ஒரு சிறு கட்டுரையே எழுதி அந்த அக்டோபரில் அச்சிலும் போட்டார். 'தீர்ப்பு' செப்டம்பர் 22 இரவு பத்து மணிக்குத் தொடங்கி விடிகாலை ஆறுக்கு முடிந்தது. அக்டோபரில் அஸ்பெஸ்டாஸ் தொழிற்சாலைப் பிரச்னை. குடும்ப முதலீட்டில் நடந்த அதை மைத்துனர் ஊரில் இல்லாத நாட்களில் மத்தியானங்களில் போய்ப் பார்த்துக்கொள்ள வேண்டும் என்று வீடே நெருக்கியது. அதுவரை தன் பக்கம் நின்ற தங்கை ஓட்லாவும் அந்தப் பக்கம் போய்விட்டாள். ஜன்னலிலிருந்து குதித்துவிடலாமா என்று யோசித்ததாக மாக்ஸ் பிராடுக்கு எழுதுகிறார். ஆறு வாரத்துக்குள் 'உருமாற்றம்' தொடங்குகிறது.

இதுவரை காஃப்காவின் பக்கம் நின்றேன். 1913 ஜனவரியில் ஃபெலிசுக்கு அவர் எழுதிய இன்னொரு கடிதம் எழுத்தாளர்களிடையே பிரசித்தம். ஒரு பெரிய நிலவறையின் உள்ளறையில் விளக்கும் எழுதுகோலுமாக இருக்க வேண்டும். சாப்பாட்டைத் தூரத்தில் வெளிக் கதவருகே வைத்துவிட்டுப் போகவேண்டும். போய் எடுத்து வருவதுதான் ஒரே நடை. இதைப் படித்துப் பெருமூச்சு விடாத எழுத்தாளன் கிடையாது. ஆனால் சாப்பாட்டைக் கொண்டுவந்து வைக்கிற ஆள் யார்? கடிதத்தில் அந்த ஆளுக்கு முகம் இல்லை. இரண்டு மாதம் முன்பு எழுதிய கதையில் முகம் இருக்கிறது. பாலில் ரொட்டித் துண்டுகளைப் போட்டுக் கொண்டுவருகிறாள் தங்கை கிரேட்டே. அவன் தொடவில்லை என்றதும் பழைய பேப்பரில் பலவிதப் பண்டங்களைப் பரப்பி எது பிடிக்கிறது என்று பார்க்கிறாள். பிறகு அவளும் வேலைக்குப் போக நேர்கிறது. காலையிலும் மத்தியானத்திலும் கடைக்கு ஓடுமுன் கையில் அகப்பட்டதைக் காலால் அறைக்குள் தள்ளிவிட்டுப் போகிறாள். சாயங்காலம் துடைப்பத்தால் வாரிவிடுகிறாள். அந்த நிலவறைக் கனவுக்கான பதில் கதையில் முன்கூட்டியே எழுதப்பட்டுவிட்டது. கடிதக்காரர் காஃப்காவைவிடக் கதைக்காரர் காஃப்கா விவேகி.

நம்முடைய கூட்டங்களில் நான் கேட்பதெல்லாம் கடிதக்காரரின் குரல்தான். ஞானக்கூத்தன் பொதுப்பணித் துறையில் வேலை பார்த்தார், நகுலன் கல்லூரியில் ஆங்கிலம் போதித்தார், சுந்தர ராமசாமிக்கு ஜவுளிக்கடை, வண்ணதாசனுக்கு வங்கி. நவீனத் தமிழ் எழுத்தில் கணிசமான பகுதி வேலை முடிந்து வந்தவர்கள் எழுதியது. ஆபீஸ் எழுத்தைத் தின்கிறது என்கிற முறையீடு எனவே நமக்குப் புதிதில்லை, நியாயமானதும்கூட. ஆனால் இரவு பதினொன்றுக்கு மேல் கிடைக்கிற அமைதி தானாக வந்து இறங்குவதில்லை. குழந்தையைத் தூங்கவைத்து, பெரியவருக்கு மாத்திரை கொடுத்து, மறுநாள் டிபன் பாக்ஸுக்குக் காய் நறுக்கி, ஒருத்தி அதைச் செய்து தருகிறாள். அவளும் காலையில் மின்சார ரயிலைப் பிடிக்க வேண்டியவள். இந்தக் கட்டுரை எழுதப்படுகிற இரவும் அப்படிச் செய்து தரப்பட்டதுதான். நம் புத்தக முன்னுரைகளில் அவளுக்கு ஒரு வரி நன்றி உண்டு, அச்சகத்தாருக்கு அடுத்தபடியாக. அவளுக்கும் எழுதுகிற ஆசை இருந்திருந்தால் அவளுடைய பதினொன்று மணி எது என்று ஆபீசைத் திட்டுகிற கட்டுரைகளில் யாரும் கேட்டு நான் பார்க்கவில்லை.

நேரம் கிடைத்தால் எழுத்து வந்துவிடும் என்பதும் அவ்வளவு நிச்சயமில்லை. 1914 அக்டோபரில் காஃப்கா இரண்டு வாரம் விடுப்பு எடுத்தார். அதில் 'தண்டனைக் குடியிருப்பில்' வந்தது. மரம் இழைக்கிற யந்திரங்கள் தொழிலாளியின் விரல்களை எப்படி வெட்டுகின்றன என்று ஆபீசுக்காகப் படத்தோடு அறிக்கை எழுதியவர்தான் அக்கதையின் யந்திரத்தையும் எழுதினார் என்பதை மறக்கக்கூடாது. 1917இல் காசநோய் கண்டு ஓட்லாவின் கிராமத்து வீட்டில் எட்டு மாதம் இருந்தபோது, ஆபீசும் இல்லை, தொழிற்சாலையும் இல்லை; பிரதானமாக வந்தவை சிறு சிறு சிந்தனைக் குறிப்புகள். எங்களுக்கும் 2015 செப்டம்பரிலிருந்து இரண்டாம், நான்காம் சனிக்கிழமை விடுமுறை. அதனால் தமிழ் இலக்கியத்துக்கு என்ன வரவு என்று எனக்குத் தெரிந்த வங்கிக்கார எழுத்தாளர்களிடம் விசாரித்தேன். ஒருவர் வீட்டுக் குழாய்களெல்லாம் இப்போது ஒழுகுவதில்லை என்றார்.

கதையின் முடிவுக்கு வருகிறேன். மகனுடைய வேலை போனதும் அந்த வீட்டில் மூன்று வேலைகள் முளைக்கின்றன. அப்பா ஒரு வங்கியில் ஏவலாளாகி, எங்களைப் போன்ற சின்ன உத்தியோகஸ்தர்களுக்குக் காலைச் சிற்றுண்டி வாங்கி வந்து தருகிறார். வீட்டிலும் சீருடையைக் கழற்றுவதில்லை. அதிலேயே நாற்காலியில் தூங்குகிறார். அம்மா கடைக்கு உள்ளாடை தைக்கிறாள். தங்கை பகலில் விற்பனைப் பெண், இரவில் சுருக்கெழுத்தும் பிரெஞ்சும் படிக்கிறாள். கிரகரிடமிருந்து தப்பிய நேரம் ஒரு நிமிஷம்கூட வீட்டுக்குத் திரும்பவில்லை. அவன் செத்துக் கிடக்கிற காலையில் மூவரும் மேஜையில் உட்கார்ந்து மூன்று விடுப்புக் கடிதங்கள் எழுதுகிறார்கள், அப்பா நிர்வாகத்துக்கு, அம்மா தையல் கொடுப்பவருக்கு, கிரேட்டே கடை முதலாளிக்கு. ஐந்து வருஷத்தில் கிரகர் ஒருமுறையும் எழுதாத கடிதம் இது. பிறகு டிராமில் ஊருக்கு வெளியே போகிறார்கள். தங்கள் வேலைகள் மூன்றும் நல்ல வேலைகள்தான், பின்னால் இன்னும் நன்றாயிருக்கும் என்பதை அப்போதுதான் ஒருவருக்கொருவர் முதல்முறையாகச் சொல்லிக்கொள்கிறார்கள். அதுவரை கேட்டுக்கொள்ள நேரம் இருந்ததில்லை.

இந்த முடிவு படிக்க லாயக்கற்றது என்று காஃப்கா 1914 ஜனவரியில் டயரியில் எழுதினார். கதையை எழுதும்போது நடுவில் ஆபீஸ் வேலையாக வெளியூர் போக நேர்ந்தது. அது இல்லாதிருந்தால் நன்றாக வந்திருக்கும் என்பது அவர் கட்சி. நான் ஒப்புக்கொள்ளவில்லை. கனவின் அடர்த்தி குன்றி நடை தட்டையாகிவிடுகிறது என்பது உண்மைதான். ஆனால் டிராமில் உட்கார்ந்து சம்பளமும் வாடகையும் பேசுகிறவர்களை வேறு எந்த நடையில் எழுதுவது? இரண்டே அமர்வில் ஒரே மூச்சாக எழுதியிருந்தால் கிரகரின் சாவோடு கதை உயரத்தில் நின்றிருக்கும். குறுக்கிட்ட அந்தப் பயணம், ரயிலிலும் நீதிமன்றத்திலும் கழிந்த அந்த நேரம், கதைக்கு வேண்டாத ஆனால் கதைக்குத் தேவைப்பட்ட ஒரு வறட்சியைக் கொண்டுவந்து சேர்த்தது என்று நினைக்கிறேன்.

இன்னொருத்தியும் அந்த வீட்டில் இருக்கிறாள். கிரகரின் உடலை அகற்றிவிட்டு, அந்தக் காரியத்தை எப்படி முடித்தேன் என்று சொல்ல வாசலில் சிரித்துக்கொண்டு நிற்கிற வேலைக்காரக் கிழவி. கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறவர்களுக்குக் கேட்கப் பொழுதில்லை. அவள் கதவை அறைந்துவிட்டுப் போகிறாள். இன்று இரவே அவளை நிறுத்திவிட வேண்டியதுதான் என்கிறார் அப்பா.