பழைய பிஸ்டலுக்குப் புதுக் கண்

என்னுடைய பழைய நாவல் ஒன்றை மறுபதிப்புப் போடப் போகிறார்கள். பதிப்பாளர் வீட்டுக்கு வந்து, காப்பி சாப்பிட்டுக்கொண்டே, "அங்கங்கே கொஞ்சம் இந்தக் காலத்துக்கு ஏற்ற மாதிரித் தொட்டுக் கொடுத்துவிடுங்கள், ஸார்" என்றார். தொடுவது என்றால் என்ன என்று கேட்டேன். கதாநாயகன் ஒரு கடிதத்துக்காகப் பதினைந்து பக்கம் காத்திருக்கிறானாம். இன்றைய வாசகர் அவ்வளவு பொறுக்கமாட்டாராம். அவன் கையில் ஒரு செல்போனைக் கொடுத்துவிட்டால் ஒரே பக்கத்தில் காரியம் முடிந்துவிடுமாம். அவர் கெட்ட மனிதர் அல்ல. என் புத்தகம் விற்கவேண்டும் என்று என்னைவிட அதிகமாகக் கவலைப்படுகிறவர். யோசித்துச் சொல்கிறேன் என்று அனுப்பிவைத்தேன்.

யோசிக்க உட்கார்ந்தபோது என் நாவல் ஞாபகத்துக்கு வரவில்லை. ஒரு கைத்துப்பாக்கிதான் வந்தது. சிரிக்காதீர்கள். பழைய பொருள் ஒன்றுக்குப் புதுச் சாதனத்தைப் பொருத்துகிற விஷயத்தில் அதைவிடத் தெளிவான உதாரணம் எனக்கு அகப்படவில்லை. ஜார்ஜ் லூகாஸ் எடுத்து 1977-இல் வெளிவந்த 'ஸ்டார் வார்ஸ்' படத்தில், ஹான் ஸோலோ என்கிற விண்வெளிக் கடத்தல்காரன் தொடையில் தொங்கவிட்டுக்கொண்டு திரிவானே, அந்தத் துப்பாக்கி. விடுமுறைக்கு வந்த பேரன் என்னைப் பிடித்து உட்காரவைத்து அந்தப் படத்தைக் காட்டினான். "இந்தத் துப்பாக்கியை எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே" என்றேன். "துப்பாக்கி இல்லை தாத்தா, பிளாஸ்டர்" என்று திருத்தினான். நான் விடவில்லை. தேடிப் படித்தேன். நான் சொன்னதுதான் சரி என்று ஏற்பட்டது.

அது மௌஸர் ஸி-96. ஜெர்மனியில் ஓபர்ன்டார்ஃப் என்னும் ஊரில் மௌஸர் கம்பெனியார் 1896-இலிருந்து 1937 வரையில் செய்துவந்த பிஸ்டல். தோட்டாப் பெட்டி பிடிக்குள் இராது; விசைக்கு முன்னால் இருக்கும். பத்துத் தோட்டாக்களை மேலேயிருந்து உள்ளே இறக்கவேண்டும். பிடி உருண்டையாக இருப்பதால் ஆங்கிலேயர்கள் அதற்குத் துடைப்பக்கட்டை என்று பட்டப்பெயர் சூட்டினார்கள். அதை வைக்கிற மர உறையையே பின்னால் மாட்டி, ரைபிளைப் போலத் தோளில் அணைத்தும் சுடலாம். குறி பார்க்கிற தகட்டில் ஆயிரம் மீட்டர் வரைக்கும் எண்கள் பொறித்து விற்றார்கள். கைத்துப்பாக்கியால் ஆயிரம் மீட்டரில் ஒரு கோபுரத்தைக் குறிபார்த்து அடிப்பதே சந்தேகம். வியாபாரிகளின் கற்பனை நாவலாசிரியர்களின் கற்பனைக்கு இளைத்ததல்ல.

வின்ஸ்டன் சர்ச்சில் இந்தப் பிஸ்டலில் ஒன்று வைத்திருந்தார். 1896-இல் அவர் இளம் ராணுவ அதிகாரியாக இந்தியாவுக்கு வந்தார். பம்பாயில் ஸஸூன் டாக்கில், படகிலிருந்து கரையேறும் அவசரத்தில் சுவரிலிருந்த இரும்பு வளையத்தைப் பற்ற, தோள்பட்டை பிசகிவிட்டது. அதற்கப்புறம் அந்தக் கையால் தைரியமாக வாள் வீச முடியவில்லை. 1898 செப்டம்பர் 2-ஆம் தேதி, ஸூடானில் ஆம்துர்மான் போரில் குதிரைப் படையோடு பாய்ந்தபோது, வாளை விட்டு மௌஸரை எடுத்துக்கொண்டார். அவர் அன்று சுட்டதெல்லாம் கைக்கெட்டுகிற தூரத்தில். அந்த ஆயிரம் மீட்டர்த் தகட்டை அவர் ஏறெடுத்துப் பார்த்திருக்கமாட்டார். இந்தத் தூரக் கணக்கை வாசகர் கொஞ்சம் மனத்தில் வைத்துக்கொள்ளவேண்டும், பின்னால் வேண்டியிருக்கும்.

லூகாஸின் படத்தை 1976-இல் இங்கிலாந்தில் எல்ஸ்ட்ரீ ஸ்டூடியோவில் எடுத்தார்கள். இன்றைக்கு நமக்கு அது கோடிகள் புரண்ட படமாகத் தோன்றுகிறது. அன்றைக்குச் சாமான்களுக்குக் கையில் இருந்த பணம் சொற்பம். அரங்கப் பொருள்களைக் கவனித்தவர் ரோஜர் கிறிஸ்டியன். எதிர்காலத் துப்பாக்கிகளைப் புதிதாக வடிவமைத்துச் செய்வதற்குப் பதிலாக, லண்டனில் சினிமாக்காரர்களுக்கு ஆயுதங்கள் வாடகைக்குக் கொடுக்கிற பாப்டி கம்பெனிக்குப் போய், நிஜத் துப்பாக்கிகளை எடுத்து, அவற்றின்மேல் இதையும் அதையும் ஒட்டினார். மௌஸருக்குக் குழல் நுனியில் பழைய ஜெர்மன் இயந்திரத் துப்பாக்கி ஒன்றின் மூக்கு. மேலே ஹென்ஸோல்ட் வெட்ஸ்லர் கம்பெனியின் டெலஸ்கோப். அதே மௌஸர் அதற்கு முன்பே 1967-இல் ஃபிராங்க் ஸினாட்ராவின் 'தி நேக்கட் ரன்னர்' படத்திலும் நடித்திருந்தது. நம்முடைய பழைய நாடகக் கம்பெனிகளில் ஒரே கிரீடம் இன்றைக்கு அரிச்சந்திரனுக்கும் நாளைக்கு இராவணனுக்கும் போவதுபோலத்தான்.

இந்தக் கண் வேலை செய்யுமா? நிஜத்தில் செய்யாது என்றே சொல்லவேண்டும். அந்த டெலஸ்கோப் ரைபிளுக்காகச் செய்தது. கண்ணுக்கு மூன்று நான்கு அங்குலத்தில் இருந்தால்தான் அதில் காட்சி நிறையும். பிஸ்டலைக் கை நீட்டிப் பிடித்தால் கறுப்பு வளையமும் நடுவே ஒரு பொட்டு வெளிச்சமுந்தான் தெரியும். போதாததற்கு மௌஸரில், சுடும்போது குழல் கொஞ்சம் பின்வாங்கித் திரும்பும். உடல் பக்கத்தில் முடுக்கிய டெலஸ்கோப் நகராமல் நிற்கும். இன்று பிஸ்டல்களுக்கென்றே வேறு வகைக் கண் வந்துவிட்டது. சிறு கண்ணாடிச் சில்லில் ஒரு சிவப்பு ஒளிப்பொட்டு. கண் கொஞ்சம் விலகியிருந்தாலும் பொட்டு இலக்கின்மேல் உட்காரும். ஸ்வீடனில் எய்ம்பாயிண்ட் கம்பெனியார் 1975-இல் இந்த மாதிரிச் சாதனத்தை விற்க ஆரம்பித்தார்கள். அதைப் பழைய பிஸ்டலில் பொருத்துவதற்கு இரண்டு மார்க்கம் உண்டு. பழைய குறித் தகட்டைக் கழற்றிவிட்டு, அந்தப் பள்ளத்திலேயே ஒரு தட்டைச் செருகி அதன்மேல் பொருத்தலாம். கொஞ்சம் உயரமாக, அவலட்சணமாக நிற்கும். ஆனால் வேண்டாமென்றால் கழற்றிவிட்டுப் பழைய தகட்டை வைத்துவிடலாம். இல்லையென்றால் மேல் இரும்பையே கடைந்து பள்ளம் தோண்டலாம். அழகாக உட்கார்ந்துவிடும். அப்புறம் அந்தப் பிஸ்டல் பழைய பிஸ்டலாக ஒருநாளும் ஆகாது. பழம்பொருள் சேர்க்கிறவர்கள் இந்தத் துளையைக் கண்டால் கண்ணீர் விடுகிறார்கள். பாதி விலைக்குக்கூட வாங்கமாட்டேன் என்கிறார்கள்.

கிறிஸ்டியன் செய்தது முதல் மார்க்கம். படப்பிடிப்பு முடிந்ததும் எல்லாவற்றையும் கழற்றி, மௌஸரை வாடகைக்காரரிடம் திருப்பிக் கொடுத்துவிட்டார்கள். அடுத்த படத்துக்குப் போலி ஒன்று செய்துகொள்ளவேண்டியிருந்தது. முதல் படத்தில் வந்த மௌஸர் ஒன்று 2022 ஆகஸ்டில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்து, பத்து லட்சம் டாலருக்குமேல் போயிற்று.

இனி அந்தக் காட்சி. பாலைவனத்தில் ஒரு மதுக்கடை. ஹான் ஸோலோ மேஜையருகே உட்கார்ந்திருக்கிறான். க்ரீடோ என்கிற பச்சைத் தோல் பிராணி துப்பாக்கியை நீட்டிக்கொண்டு எதிரில் வந்து உட்காருகிறது. கடன்காரன் அனுப்பிய ஆள். கொன்று பிடித்துக்கொண்டுபோனால் அதற்குக் காசு. இருவரும் பேசுகிறார்கள். பேச்சு நடக்கும்போதே ஹானின் ஒரு கை சுவரைச் சும்மா வருடிக்கொண்டிருக்கிறது. மற்றொரு கை மேஜைக்கடியில் மெள்ள உறையைத் தேடிப் போகிறது. திடீரென்று வெடிச் சத்தம், புகை. க்ரீடோ மேஜைமேல் சாய்கிறது. ஹான் எழுந்து, இடத்தை அசிங்கப்படுத்தியதற்காகக் கடைக்காரனிடம் ஒரு நாணயத்தைச் சுண்டி எறிந்துவிட்டுப் போகிறான்.

டெலஸ்கோப் வைத்த பிஸ்டல். சுட்டது மேஜைக்கடியில், கண்ணால் பார்க்காமல், ஒன்றரை முழத் தூரத்தில். படம் எடுத்தவர்கள் இதை யோசித்துச் செய்தார்களோ என்னவோ, ஒரு பாத்திரத்தை அறிமுகப்படுத்துவதில் இதைவிடச் சிக்கனமான காரியத்தை நான் அபூர்வமாகத்தான் பார்த்திருக்கிறேன். இவன் எவ்வளவு தூரம் பார்க்கக்கூடியவன், எவ்வளவு கிட்டத்தில் வாழ்கிறவன், இரண்டும் தெரிந்துவிடுகிறது. இவன் யாருக்கும் முதல் வாய்ப்பைக் கொடுக்கமாட்டான். படத்தின் கடைசியில், பணத்தை மூட்டை கட்டிக்கொண்டு போனவன் சிநேகிதனைக் காப்பாற்றத் திரும்பி வருகிறானே, அந்தத் திருப்பத்துக்கு விலை இந்த மேஜையடியில்தான் கொடுக்கப்பட்டிருக்கிறது.

இருபது வருஷம் கழித்து, 1997-இல், லூகாஸ் தம் படத்தைப் புதுப்பித்து மறுபடி வெளியிட்டார். அதில் க்ரீடோ முதலில் சுடுகிறது. மேஜையின் அகலத்தில் உட்கார்ந்திருக்கிற ஆளைக் குறிதவறிச் சுவரில் சுடுகிறது! ஹானின் தலையைக் கம்ப்யூட்டர் ஒரு பக்கமாக நகர்த்தியிருக்கிறது. அப்புறந்தான் ஹான் சுடுகிறான். 2004-இல் இரண்டு குண்டுகளும் ஏறக்குறையச் சேர்ந்தே போகும்படி நெருக்கினார்கள். 2019-இல் வந்த பிரதியில் க்ரீடோ சாகுமுன் அர்த்தம் தெரியாத ஒரு வார்த்தையும் சொல்கிறது. கண் போதவில்லை என்று கண்ணாடிமேல் கண்ணாடி மாட்டிக்கொண்டே போனார்கள். பேரன் எனக்குக் காட்டியது எந்தப் பிரதி என்று இப்போது கேட்டால் அவனுக்கே தெரியவில்லை.

லூகாஸ் சொன்ன காரணம் அலட்சியப்படுத்தக்கூடியதல்ல. பின்னால் இளவரசியை மணக்கப்போகிறவன் ஈவிரக்கமின்றிக் கொல்கிறவனாக இருக்கலாமா என்று தம்மையே கேட்டுக்கொண்டதாக 2015-இல் ஒரு பேட்டியில் சொன்னார். நியாயமான கேள்விதான். எழுதி முடித்த புத்தகத்தைப் பல வருஷம் கழித்துத் திறந்து பார்க்கிற எந்த எழுத்தாளனும் இந்தக் கேள்விக்குத் தப்பமுடியாது. பாத்திரங்கள் இருந்த இடத்திலேயே இருக்கின்றன. நாம்தான் பேரன் பேத்தி எடுத்து மரியாதைப்பட்டவர்களாகிவிடுகிறோம். ஆனால் இதே லூகாஸ் 1988-இல் அமெரிக்கக் காங்கிரஸின் முன்னால் போய், கறுப்பு வெள்ளைப் படங்களுக்கு வர்ணம் பூசுவதையும் பழைய படங்களைத் திருத்துவதையும் எதிர்த்து உருக்கமாகச் சாட்சி சொன்னவர். பிறர் கை பட்டால் பாவம், தம் கை பட்டால் பாவமில்லை என்று நினைத்தார் போலும். பழைய வடிவம் 2006-இல் டி.வி.டி.யில் உபரித் தட்டாக வந்தது, உபரியாக!

நான் அவரைக் குறை சொல்ல யோக்கியதை இல்லாதவன். இருபத்தைந்து வயதில் நான் எழுதிய ஒரு கதையில், தம்பி தன் விதவைத் தமக்கையின் வீட்டைத் தன் பேருக்கு எழுதி வாங்கிக்கொள்கிறான். தெரிந்தே செய்கிறான், கையெழுத்தானதும் அவள் கையாலேயே மோர் வாங்கிக் குடிக்கிறான். இரண்டாம் பதிப்பு வரும்போது எனக்கு வயது நாற்பது. சொந்தத் தமக்கை இறந்து ஒரு வருஷம் ஆகியிருந்தது. மனசு கேட்கவில்லை. முதல் நாள் ராத்திரி அவன் மாடியில் தனியாக உட்கார்ந்து அழுவதாக அரைப் பக்கம் சேர்த்தேன். நன்றாகவே எழுதியிருந்தேன் என்றுதான் இன்றைக்கும் நினைக்கிறேன். மாயவரத்திலிருந்து ஓர் அம்மாள் கார்டு போட்டார். "என்னிடம் இருக்கும் புத்தகத்தில் அவன் அழவில்லை. எனக்கும் இப்படி ஒரு தம்பி. அவனும் அழவில்லை. நீங்கள் யாருக்காக அழ வைத்தீர்கள்?" அதற்கு நான் பதில் எழுதவில்லை. மூன்றாம் பதிப்பில் அந்த அரைப் பக்கத்தை எடுக்கலாமென்றால், முதல் பதிப்பின் பிரதி என்னிடமே இல்லை. பதிப்பகத்தாரிடமும் இல்லை.

இதே சங்கடத்தில் வேறுவிதமாக நடந்துகொண்டவர் ஒருவர் உண்டு. இயான் ஃப்ளெமிங். அவரை நான் பெரிய நாவலாசிரியராகச் சொல்லவில்லை. ஆனால் இந்த விஷயத்தில் அவர் சமர்த்தர். 1956-இல் கிளாஸ்கோவிலிருந்து ஜெஃப்ரி பூத்ராய்ட் என்கிற துப்பாக்கி நிபுணர் அவருக்குக் கடிதம் எழுதினார்: ஜேம்ஸ் பாண்டு வைத்திருக்கிற சிறிய பெரெட்டா பிஸ்டல் பெண்பிள்ளைகளுக்கு லாயக்கானது, உளவாளிக்கு உதவாது. கேலி சரியாகத்தான் இருந்தது. ஃப்ளெமிங் 1953-இல் வந்த தம் முதல் நாவலைத் திறந்து பெரெட்டாவை அடிக்கவில்லை. ஐந்தாவது நாவலின் கடைசியில் அந்தப் பெரெட்டா வெளியே வராமல் மாட்டிக்கொண்டு பாண்டைச் சாவின் வாசல்வரை கொண்டுபோய்விடுகிறது. 1958-இல் வந்த 'டாக்டர் நோ'வில், மேலதிகாரி அதைப் பிடுங்கிக்கொண்டு வால்த்தர் பிஸ்டலைக் கொடுக்கிறார்; கொடுக்கிற ஆயுத நிபுணரின் பெயர் மேஜர் பூத்ராய்ட்! பழைய துப்பாக்கியைப் பிரிகிறபோது பாண்டுக்கு மனசு வலிக்கிறது. தவறு தவறாகவே நின்றது. அதற்குமேல் ஒரு கதையும் கிடைத்தது. இத்தனைக்கும் புதுப் பிஸ்டலுக்கு அவர் எழுதிய உறை, ரிவால்வருக்கு மட்டுமே பொருந்துகிற உறை. அதையும் அவர் திருத்தவில்லை.

நேற்றுப் பதிப்பாளர் மறுபடி வந்தார். கதாநாயகன் கடிதத்துக்கே காத்திருக்கட்டும், பதினைந்து பக்கமும் இருக்கட்டும் என்றேன். அச்சுப்பிழைகளை மட்டும் திருத்திய பிரதியைக் கையில் கொடுத்தேன். வேண்டுமானால் கடைசியில் தனியாக ஒரு பின்னுரை எழுதித் தருகிறேன், பிடிக்காதவர்கள் கிழித்துக்கொள்ளலாம் என்றும் சொன்னேன். அவர் முகம் வாடிவிட்டது. "அட்டையையாவது மாற்றலாமா?" என்று கேட்டார்.

தாராளமாக மாற்றுங்கள் என்றேன்.